சிட்டுக்கு எந்த எழுத்து?

பிப்ரவரி 10

என் சிட்டுக்கு,

சித்தப்பா எழுதுவது. இங்கே நான், உன் சித்தி, மாடி அறையில் இருக்கும் ஆறு மெஷின்கள் ஆக எட்டுப் பேரும் சௌக்கியம். அங்கே உன் உடம்பு எப்படி? ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே தட்டை ஆறவிடுகிறாயா?

தபாலில் கடிதம் வந்ததும் பதறியிருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மெயில் எனக்குச் சலித்துவிட்டது, அவ்வளவுதான். ஊருக்கே மெயில் கொடுத்தவன் நான். மிட்டாய்க் கடைக்காரன் வீட்டில் மிட்டாய் தின்ன மாட்டான் பார், அந்த மாதிரி. பெரிய மனிதர்கள் ஒரு வயதுக்கு மேல் பேனாவுக்குத் திரும்புவது வழக்கம்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கம்பெனிக்கு இந்த வருடம் இருபத்தைந்து. உன் செல்லப் பேரை வைத்து ஆரம்பித்த கம்பெனி. அதனால் அதன் வரலாற்றை நீதான் எழுத வேண்டும். சரக்கு என்னுடையது, நடை உன்னுடையது.

எழுதிக்கொள். ஆரம்பத்தில் ஒரே ஆள், ஒரே மெஷின். ஆள் நான். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் என்று போடாதே. "பள்ளிக்கூடம் போதாமல் வெளியே வந்தவர்" என்று போடு. அப்போது டொமைன் என்றால் இங்கே ஒருவருக்கும் தெரியாது. இன்டர்நெட்டில் ஒரு கடைக்குப் பேர் வாங்கித் தருவது, அந்தக் கடைக்கு நம் மெஷினில் இடம் வாடகைக்கு விடுவது, இவ்வளவுதான் தொழில். இதைச் சொல்லி மாடி அறை கேட்கப் போனேன்.

"மாடியில என்ன வைக்கப் போறீங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"சர்வர் வைக்கப் போறேன்."

"எத்தனை பேரு?"

"இப்போதைக்கு ஒண்ணு. இரவு பகல் பாக்காம வேலை செய்யும். லீவே கிடையாது."

"அடப்பாவமே! சாப்பாடாவது போடுவீங்களா?"

"கரண்டு கொடுத்தா போதும்."

மனிதர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். நான் ஓட்டல் வைக்கப் போகிறேன், பரிமாறும் ஆளுக்குக் கரண்டு வைத்து வேலை வாங்கப் போகிறேன் என்று நினைத்துப் போலீசுக்கே கிளம்பிவிட்டார். இதை அவசியம் போடு.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். எனக்கில்லை, என் வாடிக்கையாளர் ஒருவருக்கு. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். தன் பேரை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும் அல்லவா, இந்த முறை விட்டுவிட்டார். நினைவூட்டல் வந்தபோதெல்லாம் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்திருக்கிறார். கெடு முடிந்தது, பேர் படுத்துவிட்டது. அவருடைய மெயில் பெட்டியும் அதே பேரில் இருந்ததால் அதுவும் கூடவே படுத்துவிட்டது. உள்ளே போய்ப் பணம் கட்டலாமென்றால் கடவுச்சொல் மறந்துபோயிற்று. புதிய கடவுச்சொல் கேட்டால் அதுவும் அந்தச் செத்த பெட்டிக்கே போகிறது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திய ஆள்! நான் கண்டபடி திட்டிவிட்டேன். உன் ஆபீசில் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுது. அவசரமில்லை. ஆனால் உடனே எழுது.

உன் சித்தப்பா,
நிறுவனர்

மார்ச் 2

சித்தப்பாவுக்கு வணக்கம்.

நான் நன்றாக இருக்கிறேன். ஆற வைத்துத்தான் சாப்பிடுகிறேன், திட்டாதீர்கள். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? சித்தியின் இருமல் நின்றதா?

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் முதலில் பயம், அப்புறம் சிரிப்பு. போன முறை இந்தக் கதையைச் சொன்னபோது வீட்டுக்காரர் "யோசிச்சுச் சொல்றேன்" என்று மட்டும்தான் சொன்னார். இப்போது போலீஸ் வரை போய்விட்டார். அடுத்த கடிதத்துக்குள் அவரை ஜெயிலில் போட்டுவிடாதீர்கள்.

உங்கள் பழைய மெயில் ஒன்றைத் திறந்து பதில் பட்டனை அமுக்கினேன். திரும்பி வந்துவிட்டது. மூன்று தடவை. நிஜமாகவே மெயிலை விட்டுவிட்டீர்களா? போன் செய்தால் சித்தி எடுத்து, "வெளிய போயிருக்காரும்மா" என்கிறார்கள். எப்போது கேட்டாலும் வெளியே. முழங்கால் வலியோடு எங்கே போகிறீர்கள்?

டிரைவிங் ஸ்கூல்காரருக்கு: ஆபீசில் கேட்டேன். கெடு முடிந்தாலும் கொஞ்ச நாள் தவணை உண்டாம். அதற்குள் தான்தான் உரிமையாளர் என்று காட்டிப் பணம் கட்டினால் பேர் பிழைக்கும். தவணையும் தாண்டினால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். திரும்பவே வராது. அவரிடம் சொல்லுங்கள், இன்றைக்கே சொல்லுங்கள்.

வரலாற்றில் ஒரு சந்தேகம். ஒரே ஆள் என்கிறீர்கள். அப்பாவும் கூட இருந்ததாக அம்மா சொல்லியிருக்கிறாளே? நீங்கள் இருவரும் ஏன் பேசுவதில்லை என்று இதுவரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு, "சிட்டு, உங்க சித்தப்பாவை ஃபேனைக் குறைக்கச் சொல்லு" என்று அப்பா சொல்வார். நீங்கள், "சிட்டு, உங்கப்பாவுக்கு எழுந்து குறைக்கக் கை இருக்கான்னு கேளு" என்பீர்கள். நான் வளர்ந்தது உங்கள் இருவருக்கும் நடுவில் தபால்காரியாகத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிட்டு

மார்ச் 22

சிட்டுக் கண்ணுக்கு,

உன் சித்தியின் இருமல் போய்விட்டது. அந்த இடத்துக்கு முணுமுணுப்பு வந்திருக்கிறது. என் முழங்கால் பிரமாதம்.

நான் எங்கே போகிறேன் என்று கேட்டாய். வெள்ளிவிழாச் சுற்றுப்பயணம். வாடிக்கையாளர்களைக் கடை கடையாக நேரில் போய்ப் பார்க்கிறேன். எந்தப் பெரிய கம்பெனித் தலைவன் இப்படிச் செய்வான் சொல்? காலையில் செருப்பை மாட்டினால் இருட்டும்போதுதான் கழற்றுகிறேன். உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை, எழுந்தால் நிற்க முடியவில்லை. உற்சாகம்தான், வேறென்ன.

வரவேற்பு சொல்லி மாளாது. பல் டாக்டர் என்னைக் கண்டதும் நோயாளியை வாய் திறந்தபடியே விட்டுவிட்டு வெளியே ஓடி வந்தார். "உங்களால ஒரு மாசமா எனக்கு ஒரு பல்லு வரல சார்!" என்றார், உணர்ச்சிவசப்பட்டு. தையற்கடை அம்மா கத்தரிக்கோலை வைத்துக்கொண்டே பேசினாள். எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னேன். ஒவ்வொருவரும் வாசல் வரை வந்து, நான் தெரு முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

உன் அப்பா விஷயம். கேட்டுவிட்டாய், சொல்கிறேன். அவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். சாப்பிடும்போது கூட மளிகை சுற்றி வந்த காகிதத்தில் ஒற்றுப்பிழை தேடுவார். ஆரம்பத்தில் இங்கிலீஷ் விண்ணப்பம் எல்லாம் அவர்தான் எழுதினார், ஒத்துக்கொள்கிறேன். கம்பெனிப் பேரைப் பதிகிற அன்றைக்கு மட்டும் அவருக்குக் காய்ச்சல். நானே பதிந்தேன். அந்த வாரமே சைன்போர்டு வந்தது. உன் அப்பா போர்வையைப் போர்த்திக்கொண்டு படியேறி வந்து அதைப் பார்த்தார். ஒரு எழுத்தில் விரலை வைத்தார். பெயிண்டர் நிற்கிறான், வீட்டுக்காரர் நிற்கிறார்.

"பேர் விக்கிறவனுக்குப் பேர் எழுதத் தெரியல" என்றார்.

நான் சும்மா இருப்பேனா? "பிழை பாக்குறவனுக்குப் பிழைக்கத் தெரியாது" என்றேன்.

பெயிண்டர் சிரித்துவிட்டான். அவன் சிரிக்காமல் இருந்திருந்தால் சாயங்காலம் சரியாகியிருக்கும். உன் அப்பா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியிறங்கினார். அப்புறம் ஏறவேயில்லை.

இதெல்லாம் வரலாற்றில் வேண்டாம். ஒரே ஆள் என்றே இருக்கட்டும், படிக்க எடுப்பாக இருக்கும்.

டிரைவிங் ஸ்கூல்காரரிடம் சொன்னேன். "தவணை எப்ப முடியுது?" என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். பாவம், அன்று இரவு அவர் சாப்பிடவில்லையாம்.

உன் சித்தப்பா,
நிறுவனர், தலைவர் மற்றும் நிர்வாக இயக்குநர்

ஏப்ரல் 10

அன்புள்ள சித்தப்பா,

சுகமாக இருக்கிறேன். நீங்களும் சித்தியும் சுகமென்று நம்புகிறேன், நீங்கள் எழுதுவதை வைத்து நம்ப முடியவில்லை.

ஒரே ஒரு எழுத்துக்கா இருபத்தைந்து வருடம்? எந்த எழுத்து? அதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள்.

போன ஞாயிறு அப்பாவிடம் போனில் மெல்லப் பேச்சைக் கொடுத்தேன். "சித்தப்பா கம்பெனி நல்லாத்தானே ஓடுது?" என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். எப்போதும் கேட்பார். உங்களுக்குத் தெரியாதா? "நீங்களே கேளுங்களேன்" என்றால் உடனே மழை பெய்கிறதா, வெயில் அடிக்கிறதா என்று ஆரம்பித்துவிடுவார்.

பல் டாக்டர் சொன்னது பாராட்டு மாதிரி எனக்குத் தோன்றவில்லை. கம்பெனிக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று நேற்று நம் சைட்டைத் திறந்து பார்த்தேன். எல்லாம் வழக்கம்போல இருக்கிறது. மேலே தமிழில் பெரிதாகச் "சிட்டு", கீழே தலை நிறைய முடியோடு உங்கள் பழைய போட்டோ. மனசு நிம்மதியாயிற்று. ஆனால் மெயில் மட்டும் ஏன் திரும்புகிறது?

அந்த டிரைவிங் ஸ்கூலின் பேர் என்ன சித்தப்பா?

சிட்டு

ஏப்ரல் 25

சிட்டு,

சுகம். நீ சுகமாக இரு.

நம் சைட் உனக்கு எப்படித் தெரிந்தது? கனவு எதுவும் காணவில்லையே? தெரிய வாய்ப்பே இல்லை. அதாவது, தெரியும், தெரியாமல் எங்கே போகும், ஆனால் எப்படி?

எந்த எழுத்துகளை அடித்தாய்? ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம். இதை மட்டும் எழுது.

சித்தப்பா

(அதே உறைக்குள், வேறு தாளில்)

சிட்டும்மா,

சித்தி எழுதுகிறேன். அவர் பசை எடுக்கப் போன நேரத்தில் இதை உள்ளே நுழைத்துவிடுகிறேன். நீ நல்லா இருக்கியா கண்ணு?

டிரைவிங் ஸ்கூலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பேரைத் தொலைத்தது இவர்தான். நம் கம்பெனிப் பேரே போய்விட்டது. அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டுதான் மற்றக் கடைகளின் பேரெல்லாம் நின்றதாம். இது விழுந்ததும் எல்லாம் சேர்ந்து விழுந்தன. பல் டாக்டர், தையற்கடை, பழுது பார்க்கிற கடை, எல்லாருக்கும் சைட்டும் இல்லை, மெயிலும் இல்லை. இவர் வீடு வீடாகப் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு கடையிலும் உட்கார்ந்து பேருக்குப் பதிலாக நம் மாடி மெஷினின் நம்பரைக் கையாலே போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறார். அதுவும் சில நாளில் நின்றுவிடுகிறதாம், மறுபடி ஓடுகிறார். பாதிப் பேர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேரும் போனால் இந்த மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான்.

ஒரு போன் பண்ணுங்களேன் என்றால், "அவ குரலைக் கேட்டா உளறிடுவேன்" என்கிறார். இப்போது நம் பேரில் வேறு யாரோ வழுக்கைக்கு எண்ணெய் விற்கிறானாம். இவர் தினம் அதைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைத் தடவிக்கொள்கிறார். எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

நான் சொன்னதாகச் சொல்லாதே. சொன்னாலும் பரவாயில்லை.

சித்தி

மே 12

அன்புள்ள சித்தப்பா,

நலமாக இருக்கிறேன். கோபமாகவும் இருக்கிறேன். இது என் பேர். என் பேர் தொலைந்ததை என்னிடமே டிரைவிங் ஸ்கூல் என்று சொல்லியிருக்கிறீர்கள்.

எழுத்துக் கேட்டீர்கள். சி, எச், ஐ, டி, டி, யு. சின்ன வயதில் அப்பா என் நோட்டில் எழுதிக் கொடுத்தது. அதைத் தவிர வேறு மாதிரி எழுதலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. எப்போதும் இப்படித்தான் அடிப்பேன், எப்போதும் நம் சைட் திறக்கும். உங்களுக்கு மெயில் போடும்போது பதில் பட்டனை அமுக்குவதோடு சரி, எழுத்தை எங்கே பார்த்தேன்? இப்போதுதான் பழைய மெயிலை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் பதிந்தது எஸ், ஐ, டி, டி, யு. எஸ்ஸில் ஆரம்பித்தால் வழுக்கை எண்ணெய்தான் வருகிறது. ஆபீசில் கேட்டேன். அது விற்றாகிவிட்டது, இனி வராது.

போர்டில் அப்பா விரல் வைத்தது எந்த எழுத்து என்று இப்போது புரிகிறது.

சரியான எழுத்தில் இருக்கும் பேர் யாருடையது என்றும் பார்த்தேன். நான் சொல்ல மாட்டேன். பேருக்குச் சொந்தக்காரன் யார் என்று கண்டுபிடிப்பது உங்கள் தொழில்தானே? நீங்களே பாருங்கள்.

மருந்தை வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். எனக்காக இல்லாவிட்டாலும் சித்திக்காக.

சிட்டு

ஜூன் 14

சித்தப்பா,

சுகமா? ஒரு மாதமாகப் பதில் இல்லை. தினமும் தபால் பெட்டியைத் திறந்து திறந்து அதன் கொக்கியே கழன்றுவிட்டது. கோபத்தில் எழுதியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பார்த்தீர்களா இல்லையா? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

சிட்டு

ஜூன் 27

அண்ணாவுக்கு,

தம்பி எழுதுவது. நானும் என் வீட்டுக்காரியும் சௌக்கியம். உன் சௌக்கியமும் அண்ணியின் சௌக்கியமும் சிட்டு மூலமாக அவ்வப்போது தெரிந்துகொள்கிறேன். உனக்குக் கண்ணில் புரை என்றாள். பார்த்துக்கொள், உன் கண் ஊருக்குத் தேவை.

எனக்கு ஒரு சின்னப் பிரச்சினை. பெரிய கம்பெனிகளுக்கு வருகிற பிரச்சினைதான். சிட்டு பேரை நான் பதிந்த எழுத்தில் தொலைத்துவிட்டேன். அப்புறம் தற்செயலாக, உலகத்தில் வேறு யாரெல்லாம் அந்தப் பேரை வைத்திருக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்தபோது, நீ வைத்திருப்பது தெரிந்தது.

தேதி பார்த்தேன். போர்டு வந்த அதே வாரம். காய்ச்சலோடு போய்ப் பதிந்திருக்கிறாய். சரி, எனக்குப் போட்டியாக ஆரம்பிக்க நினைத்திருப்பாய் என்று முதலில் எண்ணினேன். ஆனால் நீ ஆரம்பிக்கவில்லை. அந்தப் பேரை அடிப்பவர்கள் என் மெஷினுக்கு வந்து சேரும்படி திருப்பி வைத்திருக்கிறாய்.

ஒரு விஷயம் எனக்கு விளங்கவில்லை, அதனால் ஒரு மாதமாக இந்த அறைக்குள் நடந்துகொண்டிருக்கிறேன். பேர் எதுவானாலும் மெஷினுக்கு ஒரு எண் உண்டு, அதைக் காட்டித்தான் பேர் வேலை செய்யும். இந்த இருபத்தைந்து வருடத்தில் நான் மூன்று தடவை மெஷின் மாற்றினேன். மூன்று தடவையும் எண் மாறியது. உன்னிடம் நான் சொல்லவில்லை. வேறு யாரும் சொல்லியிருக்கவும் முடியாது. அப்படியானால் நீ அவ்வப்போது வந்து பார்த்திருக்கிறாய். அச்சகத்து வேலை முடிந்து, வீட்டில் உட்கார்ந்து, தம்பி கடை திறந்திருக்கிறதா என்று பார்த்திருக்கிறாய். மூடியிருந்தால் எங்கே மாற்றியிருக்கிறான் என்று தேடியிருக்கிறாய்.

விளம்பரம் இல்லாமலே ஆள் வருகிறது, எல்லாம் என் புகழ் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். வந்ததில் பாதிப் பேர் எழுத்துத் தெரிந்தவர்கள் போலிருக்கிறது.

இதை மண்ணிப்புக் கடிதம் என்று நீ நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பல்ல. தொழில்முறையில் கேட்கிறேன். அந்தப் பேரை எனக்குத் தருவாயா? வாடகைக்கு என்றாலும் சரி. மாடியில் இன்னும் கொஞ்சம் கடைகள் மிச்சம் இருக்கின்றன. அவற்றை அந்தப் பேரில் கட்டினால் இனி விழாது.

தராவிட்டாலும் பரவாயில்லை. கண்ணுக்கு மருந்து போடு.

தம்பி

ஜூலை 19

சிட்டுக் கண்ணுக்கு,

உன் சித்தப்பா, சித்தி, நாலு மெஷின், எல்லோரும் சௌக்கியம். இரண்டு மெஷினை நிறுத்திவைத்திருக்கிறேன், ஓய்வு கொடுத்திருக்கிறேன் என்று வைத்துக்கொள். நீ எப்படி இருக்கிறாய்? தபால் பெட்டிக்குப் புதுக் கொக்கி போட்டாயா?

பார்த்தேன். உன் அப்பாவுக்கு எழுதவும் எழுதினேன். அற்புதமான கடிதம். படித்தவர்கள் கண்ணீர் விடுவார்கள். மூன்று வாரம் பதில் இல்லை. தபால்காரர் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டால் கீழே ஓடுவேன். கடைசியில் அவரே, "ஏறி இறங்காதீங்க சார், இருந்தா நானே மேல வந்து தர்றேன்" என்றார். எனக்குத்தான் மேலே இருப்புக்கொள்ளவில்லை.

நேற்று வந்தது. பிரித்தால் உள்ளே பதில் இல்லை. நான் அனுப்பிய அதே கடிதம். அதில் முழுக்கச் சிவப்பு மை, அம்மை போட்ட உடம்பு மாதிரி! கமா போட்டிருக்கிறார், ஒற்றுப் போட்டிருக்கிறார், இரண்டு இடத்தில் வாக்கியத்தையே தலைகீழாகத் திருப்பியிருக்கிறார். எனக்கு ரத்தம் கொதித்தது. உன் சித்தியிடம் கத்தினேன். "இருபத்தஞ்சு வருஷம் கழிச்சும் மனுஷன் மாறல பாரு!"

அவள் வாங்கிப் படித்தாள். "மன்னிப்புன்னு எழுதத் தெரியாதா உங்களுக்கு? மூணு சுழி போட்டிருக்கீங்க" என்றாள்.

அதைத் திருத்தியிருப்பாரே என்று பிடுங்கிப் பார்த்தேன். திருத்தவில்லை சிட்டு. ஒரு புள்ளி தவறினாலும் விடாத மனிதர், அந்தச் சொல்லைத் திருத்தவேயில்லை. அந்த வரி முழுவதையும் நீளமாக ஒரு கோடு போட்டு அடித்து, ஓரத்தில் அச்சகத்துக்காரர்கள் எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறார்: "தேவையில்லை. நீக்குக."

நான் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். வெயில் கண்ணில் அடித்தது.

கடிதத்தின் அடியில், சிவப்பிலேயே, பதினாறு எழுத்து. சித்தி, "இது என்ன, அர்த்தமே இல்லாம?" என்றாள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பேரை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றித் தருகிற ரகசிய எழுத்து அது. வாடகைக்கு இல்லை. அப்படியே தந்துவிட்டார்.

ஓடிப்போய் அடித்தேன். தவறு என்று சொன்னது. மறுபடி அடித்தேன். மறுபடியும் தவறு. ஒன்பதாவது எழுத்து ஓவா, சைபரா என்று புரியவில்லை. அவ்வளவு பெரிய பிழைதிருத்தி, ஓவையும் சைபரையும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்! வேண்டுமென்றே செய்திருக்கிறார் என்கிறாள் சித்தி. இரண்டையும் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று நீ கேட்பாய். முன்னால் எதை அடித்தேன் என்று அவசரத்தில் நினைவில்லை, இன்னொரு முறை தவறினால் பூட்டிக்கொள்ளும் என்று எழுதியிருந்தது. ஒரு பூட்டு போதும் எனக்கு.

போனை எடுத்தேன். எண் எனக்கு மனப்பாடம். எடுத்தது உன் அப்பாதான். வணக்கம், நலமா எல்லாம் வாயில் வரவில்லை.

"ஓவா, சைபரா?" என்றேன்.

அந்தப் பக்கம் டிவியை அணைக்கிற சத்தம் கேட்டது.

"உனக்குச் சொன்னாப் புரியாது," என்றார். "வந்து போட்டுக் கொடுக்கிறேன். அந்தப் படி இன்னும் அப்படியேதான் இருக்கா?"

"நாலாவது படி ஆடும். ஓரமா வா" என்றேன்.

இன்றைக்கு வருகிறார். காலையிலிருந்து எட்டிப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்கிறது. நாலாவது படிக்கு ஒரு ஆணி அடித்தேன். பழைய போர்டை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். பிறகு அவர் தேடுவார் என்று வெளியே எடுத்துத் துடைத்து வைத்தேன்.

வரலாற்றில் ஒரு திருத்தம். முதல் வரியில் ஒரே ஆள் என்பதை அடித்துவிட்டு இரண்டு பேர் என்று போடு. ஒருவர் மாடியில் இருந்தார், இன்னொருவர் கீழே இருந்து பார்த்துக்கொண்டார் என்று எழுது. வீட்டுக்காரர் போலீசுக்குப் போனது அப்படியே இருக்கட்டும், அது உண்மை.

நிறுத்துகிறேன். கீழே கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது. இந்தக் கடிதத்தை அவர் கண்ணில் படுவதற்குள் ஒட்டியாக வேண்டும்.

உன் சித்தப்பா,
நிறுவனர்களில் இளையவர்